டிரெய்லர் ஆடினா என்ன பண்ணணும்?

திருச்சி-புதுக்கோட்டை ரோட்டுல, கீரனூர் பக்கம், பாரம் ஏத்தின டிராக்டர் போறதைப் பார்த்திருப்பீங்க. சில நேரம் பின்னாடி டிரெய்லர் மட்டும் இடமும் வலமுமா அலையும். காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: பாரம் அச்சுக்குப் பின்னால கூடி, கொக்கி மேல எடை குறைஞ்சிருக்கும். கார் இழுக்கிற கேரவனுக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவுல மொத்த எடையில 10 முதல் 15 சதவீதம் கொக்கியில இறங்கணும்னு சொல்வாங்க. அதனால கனமான சாமானை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால ஏத்துங்க.

ஓடும்போது ஆட ஆரம்பிச்சிட்டா? பதறி பிரேக்கை அழுத்தாதீங்க, டிரெய்லர் வண்டியை மடக்கிடும். ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சு, ஆக்சிலரேட்டர்ல இருந்து மெதுவா காலை எடுங்க. வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கும். நம்ம ஊர் டிரெய்லர் பலதுலயும் தனி பிரேக் கிடையாது. அதனால பைக்ல பின்னால வர்ற நீங்க, அது அடங்குற வரைக்கும் ஓவர்டேக் பண்ணாதீங்க.