துணி பிழியும் பொறி



விண்கலம், அணுவுலை, கணிப்பொறி ஆகியவற்றின் வரலாற்றைப் பேசுவோர் பலர் உளர். இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அத்தகைய பெருமை வாய்ந்தது அன்று. துவைத்த துணியைப் பிழிவதற்குக் கையால் சுழற்றும் சிறு பொறியைப் பற்றியே பேசப் போகிறேன். இரண்டு உருளைகள், ஒரு கைப்பிடி, அவற்றைத் தாங்க ஒரு சட்டம், பொறி அவ்வளவுதான். ஆயினும் இதனைச் செம்மைப்படுத்துவதற்கு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பற்பலர் பல்லாண்டு முயன்றிருக்கின்றனர். ஒவ்வொரு திருத்தமும் எந்தக் குறையைத் தீர்க்க எழுந்தது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பவற்றை இந்தச் சில நிமிடங்களில் கூற விழைகிறேன்.

முதலில் பிழிதல் என்னும் செயலையே எண்ணிப் பாருங்கள். நனைந்த போர்வையின் ஒரு முனையை ஒருவரும் மறு முனையை மற்றொருவரும் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முறுக்குவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பருத்தித் துணி தன் எடைக்கும் மிகுதியான நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அந்நீரை வெளியேற்ற முறுக்குகிறபோது மணிக்கட்டு நோகிறது. துணிக்கும் அதனால் கேடுதான். வெளிப்புறத்து இழைகள் இழுபட்டு நலிகின்றன. உட்புறத்திலோ நீர் தங்கிவிடுகிறது. கைக்கு எவ்வளவு உழைப்போ, துணிக்கும் அவ்வளவு தேய்மானம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில, அமெரிக்க இல்லங்களில் திங்கட்கிழமை என்றாலே துவைக்கும் நாள் என்பது வழக்கம். அழுக்குப் போகத் தேய்த்த துணியைக் கொதிநீரில் இட வேண்டும்; பின்னர் அலச வேண்டும்; அதன் பின் நீலம் கலந்த நீரில் முக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் துணியைப் பிழிந்தால்தான் அடுத்த தொட்டிக்கு மாற்ற முடியும். ஆகவே ஒரு படுக்கை விரிப்பை ஒரே நாளில் பலமுறை பிழிய நேர்ந்தது. குளிர்நாட்டு மாரிக்காலத்தில், வெந்நீரிலும் தண்ணீரிலும் மாறி மாறி நனைந்த கைகள் வெடித்துப் புண்ணாயின. வீட்டுத் தலைவியோ பணிப்பெண்ணோ, யாராயினும் அந்த நாளை அஞ்சியதில் வியப்பில்லை.

இரண்டு உருளைகளுக்கு இடையே துணியைச் செலுத்தினால் முறுக்காமலே நீர் வெளியேறும் என்பது எளிய எண்ணம். உருளைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் மிகக் குறுகிய கோடு போன்றது. மேலிருந்து அழுத்தும் விசை முழுதும் அந்தக் கோட்டின்மேல் குவிகிறது. கைப்பிடியோ நெம்புகோலின் வேலையைச் செய்கிறது. எடுத்துக்காட்டாக, கைப்பிடியின் நீளம் 10 அங்குலமாகவும் உருளையின் ஆரம் 1 அங்குலமாகவும் இருப்பின், உராய்வால் இழப்பது போக, கை கொடுக்கும் விசை உருளையின் பரப்பில் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. கனடாவின் நியூ பிரன்சுவிக் மாநிலத்தைச் சேர்ந்த ஜான் டர்ன்புல் என்பவர் பிழியும் உருளைகளோடு கூடிய துவைக்கும் பொறிக்கு 1843-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

எண்ணம் எளிதாயினும் அதனைச் செயற்படுத்துவதில் இடர்கள் பல இருந்தன. முதல் இடர் உருளையிலேயே இருந்தது. தொடக்கத்தில் உருளைகள் மரத்தால் ஆனவை. இங்கிலாந்தில் ‘மாங்கிள்’ என்று வழங்கிய பெரிய பொறிகளில், வார்ப்பிரும்புச் சட்டத்துக்குள் தடித்த மர உருளைகள் சுழன்றன. பிழிவதோடு துணியை மடிப்பின்றித் தேய்த்துக் கொடுப்பதற்கும் அவை பயன்பட்டன. கணவனை இழந்த ஏழைப்பெண் ஒருத்திக்கு அண்டை அயலார் பணம் திரட்டி ஒரு மாங்கிள் வாங்கிக் கொடுப்பதும், அவள் பிறர் வீட்டுத் துணிகளைப் பிழிந்தும் தேய்த்தும் கூலி பெற்றுப் பிழைப்பதும் அந்நாட்டில் வழக்கமாக இருந்தன. ஒரு பொறி ஒரு குடும்பத்துக்கே சோறிட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளுங்கள்.

ஆனால் மரம் விட்டுக்கொடுக்காது. சட்டையின் தையல் மடிப்பு உருளைக்கு இடையே வந்தால், தடித்த அந்த மடிப்பே அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொள்ளும். அருகிலுள்ள மெல்லிய பகுதி ஈரத்தோடே வெளிவரும். பொத்தான் வந்தாலோ அது நொறுங்கிவிடும். இக்குறையைத் தீர்த்தது ரப்பர். பச்சை ரப்பர் வெப்பத்தில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்து வெடிக்கும். அதனைக் கந்தகத்தோடு கலந்து சூடேற்றினால் இவ்விரு கேடுகளும் நீங்கும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839-ஆம் ஆண்டில் கண்டறிந்து, 1844-ஆம் ஆண்டில் காப்புரிமையும் பெற்றார். கொதிநீர்த் துணிக்கும் தண்ணீர்த் துணிக்கும் ஈடுகொடுக்கும் உருளை அதன் பின்னரே கைகூடிற்று. ரப்பர் உருளை மேடு வந்த இடத்தில் அமுங்கிப் பள்ளத்திலும் அழுத்தும். துணி முழுவதும் சீராகப் பிழியப்படும். பொத்தானும் பெரும்பாலும் தப்பும்.

ஒரு குறை தீர்ந்தவுடன் அதன் உள்ளிருந்தே இன்னொரு குறை தலைகாட்டுவது பொறிகளின் இயல்பு. ரப்பர் உருளையின் நடுவே ஓர் இரும்புத் தண்டு செல்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் தண்டு சுழலும். ரப்பரோ துணியின் தடையால் பின்னுக்கு இழுக்கப்படும். நாளடைவில் இரும்புக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போய், தண்டு மட்டும் உள்ளே வெறுமனே சுழலத் தொடங்கிற்று. இதற்காகத் தண்டின்மீது நூலையோ கெட்டித் துணியையோ இறுகச் சுற்றி, அதன்மேல் ரப்பரைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக இறுகும்படி செய்தனர். கண்ணுக்குப் புலப்படாத இந்தத் திருத்தமே பொறியின் ஆயுளை நீட்டித்தது.

அடுத்தது பற்சக்கரம். முதற்பொறிகள் பலவற்றில் கைப்பிடி ஓர் உருளையை மட்டுமே சுழற்றிற்று. மற்ற உருளையை, இடையே செல்லும் துணிதான் உராய்வினால் இழுத்துச் சுழற்ற வேண்டும். அவ்வாறு துணியே பொறியின் ஓர் உறுப்பாகிப் பாரம் சுமந்தால், அது கிழியாமல் என்ன செய்யும்? ஆகவே இரண்டு உருளைகளிலும் பற்சக்கரங்களைப் பொருத்தி, இரண்டும் ஒரே வேகத்தில் சுழலுமாறு செய்தார்கள். ஆனால் கனத்த போர்வை வரும்போது உருளைகள் விலகும். அவற்றோடு பற்களும் விலகி, பிடி நழுவும். பொறியின் உதவி மிகுதியும் வேண்டிய அந்த நேரத்திலேயே பற்சக்கரம் கைவிட்டுவிடும். இதற்கு விடையாகச் சிலர் பற்களை நீளமாக்கினர். சிலர் உருளையின் இரு முனைகளிலும் சக்கரம் வைத்தனர். இன்னும் சிலர் இடையில் வேறு சக்கரங்களைக் கோத்து, உருளைகள் விலகினாலும் பிடி விடாதபடி அமைத்தனர்.

அழுத்தத்தின் கதையும் இத்தகையதே. திருகை இறுக்கி உருளைகளை அசையாமல் நிறுத்தினால், மெல்லிய கைக்குட்டை ஈரமாகவே போகும். தடித்த துணியோ நுழையாது. எஃகு வில்லை இடையில் வைத்ததும், துணியின் தடிப்புக்கேற்ப மேலுருளை எழுந்து தாழ்ந்தது. இரு முனைகளிலும் தனித்தனித் திருகு இருந்தபோது, ஒரு பக்கம் மிகவும் இறுகி மறுபக்கம் தளர்ந்தது; துணி ஒருபுறமாக ஓடிச் சுருண்டது. நடுவில் ஒரே திருகை வைத்து, அதன் அழுத்தத்தைக் குறுக்குச் சட்டத்தின் வழியாக இரு முனைகளுக்கும் சமமாகப் பகிர்ந்த அமைப்பு அக்குறையைப் போக்கிற்று. பின்னாளில் எஃகுக் குண்டுகள் பதித்த பேரிங்குகளும் வந்தன. உராய்வு குறைந்தது, சுழற்றும் கையின் சோர்வும் அதற்கேற்பக் குறைந்தது.

நேயர்களே, இவ்வளவு திருத்தங்களையும் யார் செய்தார்கள்? காப்புரிமை ஏடுகளில் பெரும்பாலும் ஆடவர் பெயர்களே காணப்படுகின்றன. ஆனால் திங்கட்கிழமைதோறும் கைப்பிடியைச் சுழற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கே நோகிறது என்று அறிந்தவர்களின் பெயர் ஏட்டில் ஏன் இல்லை? இதற்கு ஒரு விடையை அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் வாழ்ந்த எல்லன் எக்லின் என்னும் கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கை தருகிறது.

எக்லின் பிறர் இல்லங்களில் வீட்டுப்பணி செய்து வாழ்ந்தவர். துணி பிழியும் பொறியில் ஒரு புதிய அமைப்பை அவர் கண்டுபிடித்தார். 1888-ஆம் ஆண்டில் அதன் உரிமையை ஒரு முகவரிடம் 18 டாலருக்கு விற்றுவிட்டார். பொறி சந்தையில் நன்றாக விலைபோயிற்று. பலன் வாங்கியவருக்கே சென்றது. ஏன் இவ்வளவு மலிவாகக் கொடுத்தீர்கள் என்று பின்னர் அவரை வினவியபோது, அவர் உரைத்த காரணம், சார்லட் ஸ்மித் என்னும் அம்மையார் 1891-ஆம் ஆண்டில் நடத்திய பெண் கண்டுபிடிப்பாளர்களுக்கான இதழில் பதிவாகியுள்ளது. கறுப்பினப் பெண் ஒருத்தி கண்டுபிடித்த பொறி என்று தெரிந்தால் வெள்ளைப் பெண்மணிகள் அதனை வாங்கமாட்டார்கள். பொறி விலைபோக வேண்டுமானால் தம் பெயர் வெளிவரக்கூடாது என்பதே அக்காரணத்தின் சாரம்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண்மணிகளின் துணிகளைத் துவைக்க எக்லின் போன்றோரின் கைகள் ஆகும். அக்கைகளின் நோவைக் குறைக்கும் பொறி ஆகும். அதைப் படைத்தவரின் பெயர் மட்டும் ஆகாது. பொறியின் வரலாற்றை எழுதுவோர் பற்களையும் வில்லையும் எண்ணிக் கணக்கிடுகிறார்கள். இந்தப் 18 டாலரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, மின்சாரம் வந்தபின் நேர்ந்ததையும் கூறிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க இல்லங்களில் துவைக்கும் பொறியோடு பிழியும் உருளைகளும் மின்விசையால் இயங்கலாயின. உழைப்புக் குறைந்தது; புதிய இடர் ஒன்று புகுந்தது. கையால் சுழற்றும் பொறியில் விரல் அகப்பட்டால், சுழற்றும் கை உடனே நின்றுவிடும். வலியை உணர்ந்தவரும் பொறியை இயக்கியவரும் ஒருவரே அல்லவா? மின்பொறிக்கோ வலி தெரியாது. குழந்தைகளின் கைகள் முழங்கை வரையும் அதற்கு மேலும் இழுக்கப்பட்டு நசுங்கின. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ‘ரிங்கர் ஆர்ம்’, அதாவது பிழிபொறிக் கை, என்ற பெயராலேயே இக்காயம் விளக்கப்பட்டது. ஒரு தட்டுத் தட்டினால் உருளைகள் சட்டென்று விலகும் விடுவிப்புப் பிடி போன்ற பாதுகாப்புகள் இன்றியமையாதன என்பதை இத்தகைய துன்பங்களே உணர்த்தின. பின்னர், துணியை வேகமாகச் சுழற்றி நீரை வீசியெறியும் தொட்டி பரவவே, உருளைகள் வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தன. தரை துடைக்கும் வாளிகளில் அவற்றின் தம்பிமாரை இன்றும் காணலாம்.

கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் தமிழ்நாட்டிலேயே தொடர்கிறது. ஆரோவில்லை அடுத்த குயிலாப்பாளையத்தில் தங்கி, அடுப்புகளைச் சீர்திருத்தும் பணியில் ஈடுபட்டிருந்த பிரிட்டிஷ் பொறியாளர் நவ்ஜோத் சாஹ்னி, அண்டை வீட்டுப் பெண் கையால் துவைத்துப் படும் பாட்டைக் கண்டார். கையால் சுழற்றும் பொறி ஒன்றைச் செய்து தருவதாக அப்பெண்ணுக்கு வாக்களித்தார். 2018-ஆம் ஆண்டில் அதற்கென ஓர் அமைப்பையும் தொடங்கினார். துவைப்பதோடு, சுழற்சியினால் நீரையும் நீக்கும் அந்தப் பொறி, மின்சாரம் இல்லாத இராக் அகதி முகாம்களுக்கும் சென்றது. அப்பொறிக்கு அவர் இட்ட பெயர் எது தெரியுமா? அந்த அண்டை வீட்டுப் பெண்ணின் பெயர்தான்.

வாஷிங்டனில் ஒரு பெண் தன் பொறியிலிருந்து தன் பெயரை மறைக்க வேண்டியிருந்தது. நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து, குயிலாப்பாளையத்தில் துணி துவைத்த ஒரு பெண்ணின் பெயரை ஒரு பொறி தாங்கிற்று. இடைப்பட்ட காலத்தில் பற்களும் வில்லும் மட்டும் திருந்தவில்லை என்று நம்பலாம். ஆயினும் முறுக்கிப் பிழிந்து மணிக்கட்டு நோகும் கைகள் இன்னும் நம் தெருவிலேயே உள்ளன. புதிய பொறியைப் படைக்க விரும்பும் இளைஞர்கள் வரைபடத்தை விரிக்குமுன் அக்கைகளுக்கு உரியவரிடம் சென்று, ‘அம்மா, எங்கே நோகிறது?’ என்று கேட்பார்களாக. அவர் கூறும் விடையால் பொறி சிறந்தால், அவர் பெயரையும் உடன் எழுதுவார்களாக.