பெயருக்குள் ஓர் இடைவெளி

2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐடியூன்ஸ் 2.0 மென்பொருளை வெளியிட்டது. மேக் ஓஎஸ் எக்ஸ் கணினியில் அதை நிறுவிய சிலருடைய வன்தட்டில் இருந்த கோப்புகள் அழிந்துபோயின. நிறுவும் ஸ்கிரிப்டில் மேற்கோள் குறிகள் விடுபட்டிருந்ததுதான் காரணம். வன்தட்டின் பெயரில் இடைவெளி இருந்தால், கட்டளைகளை வாசித்து இயக்கும் ஷெல் என்ற நிரல் அந்தப் பெயரை அங்கேயே துண்டித்துவிடும். அழிக்கும் கட்டளை வேறெங்கோ பாயும். ஆப்பிள் அந்தப் பதிப்பை விலக்கிக்கொண்டு உடனே 2.0.1-ஐத் தந்தது. போன படங்களும் கடிதங்களும் போனவைதான்.

இந்தத் துண்டிக்கும் பழக்கம் பழையது. 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லில் அணிகள், அதாவது பல மதிப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கும் பட்டியல்கள், கிடையாது. பல கோப்புப் பெயர்களை ஒரே சரத்தில் இடைவெளி விட்டு எழுதுவார்கள். ஷெல் பிரித்துக் கொடுக்கும். அன்றைக்கு அது பெரிய வசதி. 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ் என்ற ஷெல்லும் அதையே பின்பற்றியது. பின்னாளில் பாஷுக்கு அணிகள் வந்தன. பழக்கம் மட்டும் போகவில்லை.

ஓர் அணியில் மூன்று பெயர்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள்: ‘அக்கா திருமணம்’, ‘கோடை விடுமுறை’, ‘பாட்டி’. மேற்கோள் இல்லாமல் அணியை விரித்தால் ஐந்து துண்டுகள் கிடைக்கும். ‘அக்கா’ என்றொரு கோப்பைத் தேடி ஸ்கிரிப்ட் திணறும். அப்படி ஒரு கோப்பு உண்மையிலேயே இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து.

இதைத் தவிர்க்க, அணியின் பெயரை அடுத்த சதுர அடைப்புக்குள் அட் குறி போட்டு, டாலர் குறியிலிருந்து நெளிவு அடைப்பு முடியும் வரை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் வையுங்கள். மூன்று பெயர்களும் மூன்றாகவே வரும். அட் குறிக்குப் பதில் நட்சத்திரம் போட்டால் மூன்றும் ஒட்டி ஒரே சரமாகிவிடும். திரையில் அச்சிட அது போதும், கோப்புகளைக் கையாள உதவாது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. அணியை நிரப்பும்போதே பெயர்கள் உடைந்திருந்தால், பிறகு எத்தனை மேற்கோள் போட்டாலும் ஒட்டாது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் வெளியீட்டை அணிக்குள் கொட்டுகிறவர்களுக்கு நேர்வது இதுதான். அதை விட்டுவிட்டு, அணியின் அடைப்புக்குள் நட்சத்திரத்தை மட்டும் போடுங்கள். ஷெல் ஒவ்வொரு கோப்புப் பெயரையும் முழுசாகவே எடுத்து வைக்கும். எழுதி முடித்த ஸ்கிரிப்டை ஷெல்செக் என்ற இலவச மென்பொருளிடம் கொடுங்கள். மேற்கோள் இல்லாமல் விரித்த அணியைக் கண்டால் 2068 என்ற எண்ணோடு அந்த வரியைச் சுட்டிக்காட்டும்.