கொப்பிக்குள் ஒளித்த கதைகள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் சங்கத்தின் வாசிப்பு வட்டத்தினர் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாக நம் பாடசாலை நூலகத்துக்குச் சங்கம் புத்தகங்கள் வழங்கவிருக்கிறது. எந்தப் புத்தகங்கள் என்ற பேச்சு வந்தபோது, "மர்மக் கதையும் காதல் கதையும் வேண்டாம், பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று சிலர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் நாங்களும் இருந்தோம். வீட்டுக்குப் போய் யோசித்தபோது வெட்கமாக இருந்தது. நாங்கள் எதைப் படித்து வாசகிகள் ஆனோம்? விஞ்ஞானக் கொப்பிக்குள் ராஜேஷ்குமாரையும் தலையணைக்கு அடியில் ரமணிசந்திரனையும் ஒளித்துவைத்துப் படித்தவர்கள்தானே நாங்கள்! அட்டை கிழிந்த ஒரு புத்தகம் லயம் லயமாகச் சுற்றி, கடைசிப் பக்கம் இல்லாமல் திரும்பி வரும். கொலையாளி யார் என்று தெரியாமலே பரீட்சை எழுதப் போன நாட்களும் உண்டு.

ஆகவே, தீர்ப்புச் சொல்லுமுன் அந்தக் கதைகளை மறுபடி படித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். கடந்த சில மாதங்களாகப் படித்தோம். வெளிநாடுகளில் இருக்கும் சகோதரிகளும் தொலைபேசியில் சேர்ந்துகொண்டார்கள். அதில் கண்டதைத்தான் இங்கே சொல்ல வந்தோம்.

முதலில் மர்மக் கதை. இது ஆண்களின் சங்கதி என்றே நினைத்திருந்தோம். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷ், வசந்தும்தான் நினைவுக்கு வந்தார்கள். ஆனால், தமிழில் துப்பறியும் நாவல் எழுதிய முதல் பெண் என்று போற்றப்படுபவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். 1901இல் பிறந்தவர். ஐந்து வயதிலேயே மணம் முடித்துவைக்கப்பட்டவர், பள்ளிக்கூடம் போகாதவர். முதல் படைப்பை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925இல் 'ஜகன்மோகினி' இதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். நம் பாடசாலைக்கு நூறு வயதாகும் இந்த வேளையில், பள்ளிக்கூடமே கிடைக்காத ஒரு பெண் நூறு வருடங்களுக்கு முன் இப்படிச் செய்தார் என்பதை எங்கள் தங்கைமார் அறிய வேண்டும்.

சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலையும் படித்தோம். நடப்பதெல்லாம் பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா என்பதுதான் அதில் கேள்வி. முடிவை இங்கே சொல்லமாட்டோம். மழைக்காலத்தில் படித்தோம், இரண்டு பேர் விளக்கை அணைக்கவில்லை. கண்டதை உடனே நம்பாதே, காரணம் கேள் என்பதை இந்தக் கதைகள் பிரசங்கம் இல்லாமல் பழக்கிவிடுகின்றன.

அடுத்தது பரபரப்புக் கதை. அதற்கு நாங்கள் தூரம் போகவில்லை. நம் களனி கங்கைக் கரைக்கே போனோம். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்' படத்துக்காக இங்கே கித்துல்கலவில் நிஜமாகவே ஒரு மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1957இல் வெளியான அந்தப் படம் ஏழு ஒஸ்கார் விருதுகள் பெற்றது. பாலம் நின்ற இடத்தைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் அதன் மூலக்கதையை எங்களில் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை! பிரெஞ்சு எழுத்தாளர் பியர் பூல் 1952இல் வெளியிட்ட நாவல் அது. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தோம். ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நாவலில் பாலம் இடிவதே இல்லை.

அதைவிடப் பெரிய மர்மம் இன்னொன்று. பூல் போருக்கு முன் மலாயாவின் றப்பர் தோட்டங்களில் வேலை பார்த்தவர். ஜப்பானியர் 1942, 43ஆம் ஆண்டுகளில் போட்ட அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு, போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர் பல்லாயிரம் பேர். திரும்பி வராதவர்களும் பல்லாயிரம் பேர். நாவலின் நடுவிலும் படத்தின் நடுவிலும் இருப்பவர்கள் ஆங்கிலேயப் போர்க்கைதிகள். நம்மைப் போலத் தோட்டத்தில் பிறந்தவர்கள் எங்கே? தமிழர்கள் பட்ட பாட்டை எழுதியவர்கள் மலேசியத் தமிழர்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' அப்படி ஒரு நாவல். பாலத்தை நம் ஊரில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை இத்தனை காலம் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று மனம் கனத்தது.

கடைசியாகக் காதல் கதை. சிரிக்காதீர்கள், சபையில் பாதிப்பேர் ரமணிசந்திரன் வாசகிகள் என்பது எங்களுக்குத் தெரியும். காலையில் பிரட்டுக்குப் போய், மாலையில் அடுப்படியில் நின்று களைத்த பெண்ணுக்கு அரை மணி நேரம் தனக்கென்று ஓர் உலகம் கிடைத்ததை நாங்கள் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால், இந்த வயதில் படித்தபோது ஒன்று உறுத்தியது. காதல் கதைகள் பலவற்றில் நாயகன் சந்தேகப்படுகிறான், சொல்லால் குத்துகிறான். முடிவில் அதெல்லாம் அன்பின் மிகுதி என்று ஆகிவிடுகிறது. அந்தக் கோபத்தை அன்பென்று நம்பி, வீட்டுக்குள் பொறுத்துக்கொண்டே காலத்தைக் கழித்தவர்கள் எங்களிலும் உண்டு. ஒளித்துப் படித்ததால் அதைப்பற்றி எவரிடமும் கேட்கவும் முடியவில்லை.

1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த காலத்தில், வீரகேசரி பிரசுரங்கள் நம் நாட்டு நாவல்களைக் குறைந்த விலையில் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' எல்லாம் அப்படி வந்தவை. அதற்கு முன்பே, 1964இல், கோகிலம் சுப்பையா 'தூரத்துப் பச்சை'யில் தோட்டத்துப் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தினார். பங்களாவைத் தாண்டி லயத்திலும் மனம் உண்டு, காதல் உண்டு என்று அறிய இவை வேண்டும்.

ஆகவே சங்கத்திடம் எங்கள் கோரிக்கை இதுதான். நூலகத்தில் மர்மக் கதைக்கும் காதல் கதைக்கும் ஒரு தட்டு ஒதுக்குங்கள். அதே தட்டில் நாங்கள் சொன்ன மற்ற நாவல்களையும் பக்கத்தில் வையுங்கள். ஒரு கொப்பியும் வையுங்கள். படித்து முடித்த பிள்ளை அதில் ஒரு கேள்வியாவது எழுதட்டும். ஆசிரியைமார் அதைப்பற்றி வகுப்பில் பேசட்டும்.

நாங்கள் அன்று கொப்பிக்குள் கதையை ஒளித்தோம். எங்கள் தங்கைமார் கதையை மேசைமேல் வைத்துப் படிக்கட்டும். முதல் தவணையாக, எங்கள் வட்டத்தார் சேர்த்த புத்தகங்களை அதிபர் அவர்களிடம் இன்று கையளிக்கிறோம். எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் கொண்டுவந்தோம்.