காது கேட்கும் கருவியும் நானும்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளையில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் போன மாதம் ஒரு ராத்திரி டெலிபோனில் கூப்பிட்டார். "மாமா, நீங்கள் சயின்ஸ் படித்தவர். முதியோர் ஆகாரம் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். என் காதில் விழுந்தது "முதியோர் ஆதாரம்". ஆதார் கார்டில் என்ன சயின்ஸ் இருக்கிறது, ரிட்டயர்டு அரசாங்க உத்யோகஸ்தன் என்பதால் கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "அதெல்லாம் இப்போது ஆன்லைனிலேயே திருத்திக்கொள்ளலாமே" என்று பதில் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்போது நான் கருவியைக் கழற்றி வைத்திருந்தேன். விஷயம் புரிந்து இருவரும் சிரித்து முடித்த பிறகு, "ஆகாரம் வேண்டாம், என் காதைப் பற்றியே பேசுகிறேன்" என்றேன். பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார்.

நான் 1970-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்தவன். பிறகு 38 வருஷம் மத்திய அரசு உத்யோகம். 2010-ல் ஓய்வு. சப்தம், அலை, அதிர்வெண் எல்லாம் பரீட்சைக்குப் படித்தவனுக்குத் தன் காது மந்தமாவது எட்டு வருஷம் தெரியவில்லை. தெரியவில்லை என்பது கூடச் சரியில்லை. தெரிந்தும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதில் சயின்ஸ் கொஞ்சம்தான், அதைச் சொல்லிவிடுகிறேன். நம் உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் சுமார் 15,000 நுண்ணிய ரோம செல்கள். சப்தத்தை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றும் வேலையில் இவற்றுக்குத்தான் முக்கிய பங்கு. மனுஷ ஜன்மத்தில் இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். நம் பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரெழுத்துக்களின் பலம் கீழ் ஸ்தாயியில் இருக்கிறது. ஸ, ச, த, க போன்ற மெய்யெழுத்துக்களை அடையாளம் காட்டுவது மேல் ஸ்தாயி. ஆகவே என்னைப் போன்றவனுக்குப் பேச்சு கேட்கும். என்ன பேச்சு என்பது கேட்காது. ஆகாரம் ஆதாரமாவது இப்படித்தான். பக்கத்து மண்டபத்து நாதஸ்வரமும் தவிலும் ஜோராகக் கேட்கிறது, எனக்கென்ன காது மந்தம் என்று வாதாடலாம். நானும் வாதாடினேன்.

டெசிபல் என்ற அளவுக்கு கிரஹாம் பெல்லின் பெயர்தான். அவருடைய தாயாருக்கும் காது கேட்காது, மனைவிக்கும் கேட்காது. டெலிபோனைக் கண்டுபிடித்தவர் வீட்டில் நிலைமை இது. கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

2013 வாக்கிலேயே ஆரம்பித்துவிட்டது. டி.வி. சத்தத்தைக் கூட்டுவேன், என் ஆத்துக்காரி வந்து குறைப்பாள். ஸஹஸ்ரநாம பாராயணத்தில் மற்றவர்களை விட அரை வரி பின்னால் போவேன். யாராவது ஹாஸ்யம் சொன்னால் எல்லோரும் சிரித்த பிறகு நானும் சிரிப்பேன். கல்யாண வீடுகளில் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். பேச்சை நானே ஆரம்பித்து நானே நடத்துவது. நாம் பேசிக்கொண்டே இருந்தால் பிறர் சொல்வதைக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை அல்லவா? ஓயாமல் பேசும் கிழவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது காதின் மேல்தான் சந்தேகம் வருகிறது.

பிள்ளை ஒவ்வொரு தடவை பெங்களூரிலிருந்து வரும்போதும், "அப்பா, ஒரு டெஸ்ட் பண்ணிக்கோங்கோ" என்பான். "உங்க தலைமுறைக்கு வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற வழக்கம், அதை முதலில் மாத்திக்கோ" என்பேன். நாற்பது வயதில் கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் வெட்கப்படுவதில்லை. காதில் ஒன்றை மாட்டிக்கொள்ள மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம்? கண் தெரியாதவனைப் பார்த்து உலகம் இரக்கப்படுகிறது. செவிடனைப் பார்த்தால் சிரிக்கிறது. பழமொழியில் கூட அவன் காதில் சங்கைத்தான் ஊதுகிறார்கள். அந்தப் பட்டியலில் சேர எனக்கு இஷ்டமில்லை.

இதற்கிடையில் ஒன்று நடந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. ஆத்தில் பேச்சு குறைந்துபோயிற்று. ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்லி, மூன்றாவது முறை குரல் உயர்ந்து, "ஏன் கத்தறே?" என்று என்னிடம் பேச்சு வாங்கி அலுத்துப்போய், அவள் அவசியமானதை மட்டும் சொல்ல ஆரம்பித்திருந்தாள். கறிகாய், மருந்து, கேஸ் சிலிண்டர், அவ்வளவுதான். காலையில் காபி குடிக்கும்போது முந்தின நாள் நடந்ததையெல்லாம் சொல்வது 40 வருஷ வழக்கம், அது நின்றே போய்விட்டது. எனக்கு அது வீட்டில் அமைதியாகப் பட்டது. வயதாக வயதாக நிதானம் வந்துவிட்டது என்று நாலு பேரிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

2021-ல் கோவிட் சமயம். எல்லோர் வாயையும் மாஸ்க் மூடிவிட்டது. அதுவரை நான் உதட்டைப் பார்த்துப் பாதி பேச்சைப் புரிந்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வெளியில் போவது அபூர்வமானதால் அதையும் சமாளித்தேன்.

ஆத்துக்காரிக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த வருஷம் ஒரு நாள் காலையில் லேபிலிருந்து பையன் வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் லேபிலிருந்து டெலிபோன். நான்தான் எடுத்தேன். ஹிந்தியில் ஏதோ அவசரமாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்டது "ஆட்" என்று முடியும் ஒரு எண். சர்க்கரை எட்டாக இருக்க முடியாது. ஆகவே "ஏக் ஸௌ ஆட்", அதாவது 108 என்று என் மூளையே பூர்த்தி செய்துகொண்டது. காலண்டரில் 108 என்று எழுதி, "நார்மல்தான், கவலைப்படாதே" என்று அவளிடம் சொன்னேன். அவர்கள் சொன்னது "ஸாட்". அறுபது. 70-க்குக் கீழே போனாலே தாழ்நிலை என்பார்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது, டாக்டரைக் கேட்காமல் மாத்திரை கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அறுபதுக்கும் எட்டுக்கும் ஹிந்தியில் நடுவே நிற்பது ஒரே ஒரு 'ஸ'. என் காது முதலில் தொலைத்தது அதைத்தான்.

அவள் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி சமையலறை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டிருக்கிறாள். நான் முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். எதிர் ஃப்ளாட் மராத்தி அம்மாள் குரல் கேட்டு ஓடிவந்து, சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பிறகு என் தோளைத் தட்டினாள். இரண்டு கதவு தாண்டி அவளுக்குக் கேட்டது. பத்தடியில் இருந்த எனக்குக் கேட்கவில்லை.

சாயங்காலம் அச்சடித்த ரிப்போர்ட் வந்தது. 60 என்று இருந்தது. காலண்டரையும் ரிப்போர்ட்டையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் பரிசோதனைக்குப் போனேன். முதலில் போன ஒரு கடையில் என் காதைச் சோதிப்பதற்கு முன்பே இரண்டு லட்ச ரூபாய் ஜோடியைக் காட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஆஸ்பத்திரியில் படித்த ஆடியாலஜிஸ்ட் ஒருவர் கண்ணாடி அறையில் உட்கார வைத்து ஆடியோகிராம் எடுத்தார். 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல், 4000 ஹெர்ட்ஸில் 70. மலையிலிருந்து இறங்கும் கோடு மாதிரி இருந்தது. எட்டு வருஷ வாதத்துக்கும் ஒரு தாளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சி.ஜி.எச்.எஸ். உள்ளவர்கள் கவனிக்கவும்: காது டாக்டர் சிபாரிசு செய்தால் கருவிக்கு ஓர் உச்சவரம்பு வரை பணம் திரும்பக் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே விதிகளைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள், வாங்கிய பிறகு அல்ல. ஃபைல்களோடு வாழ்ந்தவன் சொல்கிறேன்.

கருவி மாட்டிய அன்றே காது திறந்துவிடும் என்று நினைக்காதீர்கள். முதல் மாதம் நரகம். பேப்பரைப் புரட்டினால் பட்டாசு. குழாயைத் திறந்தால் அருவி. என் குரலே எனக்குப் பீப்பாய்க்குள்ளிருந்து வந்தது. வருஷக்கணக்காகக் கேட்காத சத்தங்களை வேண்டியது, வேண்டாதது என்று மூளை பிரித்துப் பழக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். கருவி வாங்கியவர்களில் பலர் மேஜை டிராயரில் போட்டு வைப்பது இந்தக் கட்டத்தில்தான். நான்கு முறை ஆடியாலஜிஸ்டிடம் போய் அளவுகளை மாற்றிக்கொண்டேன். விலை அதிகமான கருவியை விட இந்த நான்கு நடை முக்கியம் என்பது என் அபிப்பிராயம்.

நம்மவர்களுக்கென்று சில தனிக் கஷ்டங்கள் உண்டு, எந்தக் கையேட்டிலும் போட்டிருக்காது. பூணூலை வலது காதில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர்கள் ஜாக்கிரதை. எடுக்கும்போது காதின் பின்னால் இருக்கும் கருவியும் கூடவே வரும். என்னுடையது ஒரு தடவை வாளித் தண்ணீரில் ஸ்நானம் செய்தது. இன்னொன்று, அபிவாதயே சொல்லக் காதைத் தொட்டால் கருவி விசில் அடிக்கும். கை மறைத்ததும் வெளியே கசியும் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து சுழல்கிறது, மேடை மைக் ஊளையிடுவது போலத்தான். ஒரு உபநயனத்தில் பெரியவர் ஒருவருக்கு நான் கோத்ரம் சூத்ரம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை விசில் வந்து, குழந்தைகள் மாமா வாயை மூடிக்கொண்டே விசில் அடிக்கிறார் என்று சந்தோஷப்பட்டார்கள்.

சங்கீதம்தான் பெரிய துக்கம். இந்தக் கருவிகள் முக்கியமாகப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. விசிலை அடக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. நீண்ட சுத்தமான ஒரே ஸ்வரம் வந்தால் அது தன் விசில்தானோ என்று சந்தேகப்பட்டு அடக்கப் பார்க்கிறது. தம்புராவும் புல்லாங்குழலும் அதன் கண்ணில் குற்றவாளிகள். நல்ல ஆலாபனை தண்ணீரில் நிழல் மாதிரி ஆடும். சங்கீதத்துக்குத் தனி புரோகிராம் போட்டுத் தரச் சொன்னேன், ஓரளவு பரவாயில்லை. கச்சேரிக்கு இப்போது முன் வரிசையில் உட்கார்ந்து கருவியைக் கழற்றிவிடுகிறேன். ஸ்காட்லாந்தில் ஈவ்லின் க்ளென்னி என்று ஒரு அம்மாள், 12 வயதுக்குள் காது அநேகமாக முழுவதும் போனவர். கருவியை வேண்டாமென்று வைத்துவிட்டு, வெறுங்காலோடு மேடையில் நின்று அதிர்வை உடம்பில் வாங்கி, தாள வாத்தியத்தில் உலகப் பிரசித்தி பெற்றார். அவருக்கு அது சரி.

புனேயில் என் காலேஜ் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். அவருக்குக் காது என்னை விட மோசம். இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்தார். சத்தம் அதிகமாயிற்றே தவிர பேச்சு தெளியவில்லை. உள்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் சாதனத்தைப் பற்றி டாக்டர் சொன்னார். இந்த வயதில் வேண்டாம் என்று இவர் தீர்மானித்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. யார் வந்தாலும் முதல் வார்த்தையே, "எனக்குக் காது கேட்காது, என் முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசு" என்பதுதான். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலியை மொபைலில் வைத்திருக்கிறார், தமிழும் வருகிறது. அதற்கும் புரியாவிட்டால் நோட்டுப் புத்தகம். பீத்தோவனும் 1818 முதல் அப்படி நோட்டு வைத்துக்கொண்டுதான் பேசினார். சிநேகிதர் ஆத்தில் பேச்சு குறையவில்லை. மாமி அவரோடு எழுத்தில் சண்டை போடுகிறாள், ரிக்கார்டு இருக்கிறது. அவர் கருவி போடவில்லை, நானும் எட்டு வருஷம் போடவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குப் படுகிறது. அவர் தீர்மானித்தார், எல்லோரிடமும் சொன்னார். நான் மறைத்தேன், அதற்கான செலவை இன்னொருத்தி கொடுத்தாள்.

கருவி போடாவிட்டால் ஞாபக சக்தி போய்விடும் என்று பயமுறுத்தும் விளம்பரங்கள் வருகின்றன. 2024-ல் வெளியான லான்ஸெட் குழு அறிக்கை, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களில் காது மந்தத்தையும் சேர்த்திருக்கிறது, வாஸ்தவம். ஆனால் 2023-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 70 முதல் 84 வயது வரை 977 பேரை மூன்று வருஷம் பார்த்ததில், மொத்தமாக எடுத்தால் கருவியால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினருக்கு மட்டும் சரிவு 48 சதவீதம் மெதுவாயிற்று. பயந்துகொண்டு வாங்கவேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

நான் இப்போது தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போட்டுக்கொள்கிறேன். காலையில் சந்தியாவந்தனம், ஜபம் முடியும் வரை கிடையாது. அந்த நிசப்தம் எனக்கு வேண்டியிருக்கிறது, அதை விட மனமில்லை. ராத்திரி ஒன்பதுக்குக் கழற்றிவிடுவேன். கழற்றும் முன் அவளிடம் சொல்லிவிட்டுக் கழற்றுவது எங்கள் ஏற்பாடு. அவள் தலைமாட்டில் ஒரு பொத்தான், அழுத்தினால் என் பக்கம் விளக்கு மினுக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுத்தார்.

கருவி போட்டு மூன்றாவது மாதம் என்று ஞாபகம். காபி குடிக்கும்போது அவள் எதிர் ஃப்ளாட் அம்மாளின் மாட்டுப்பெண் விஷயத்தை ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம். நடுவில், "ஏன்னா, கேக்கறதா?" என்றாள். கேட்கிறது என்றேன். "முன்னே கேக்காதப்போவும் இதைத்தான் சொல்வேள்" என்று சிரித்தாள். மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள், நான் சொன்னதில் பிசகு இருந்தால் திருத்துவாள்.

கேள்வி கேட்பவர்கள் தயவுசெய்து முன்னால் வாருங்கள். தூரம் இரட்டித்தால் சப்தம் 6 டெசிபல் குறையும், தவிர இந்த ஹாலில் ஃபேன் சத்தம் ஜாஸ்தி. என் வலது பக்கம் நின்று, முகத்தைக் காட்டி, ஒருவர் பின் ஒருவராகக் கேளுங்கள். புரியாவிட்டால் மறுபடி கேட்பேன், வித்தியாசமாக நினைக்காதீர்கள்.