மெரீன் படையைக் காத்த தாய்மொழி



கப்பலில் சென்று, பகைவர் கரையில் இறங்கிப் பொருதற்கெனத் தனியே பயின்ற படையை மேலை நாட்டார் மெரீன் படை என்பர். அமெரிக்க மெரீன் படை, விடுதலைப் போரின் ஊடே 1775 நவம்பர் 10ஆம் நாள் தோன்றியது. போர் முடிந்தபின் கலைந்து, 1798இல் மீண்டும் நிறுவப்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் அமைதிப் பெருங்கடல் தீவுகளைச் சப்பானியரிடமிருந்து மீட்பதில் அப்படையே முன்னின்றது.

கரையேறும் படைக்குச் செய்தியே உயிர். அச்செய்தி பகைவர்க்கு விளங்கிவிட்டால் அழிவே நேரும். விளங்காதிருக்க வழி யாது? அதனைத் தந்தது ஒரு பழங்குடியின் தாய்மொழி!

1942இல் 29 நவகோ இளைஞர் அப்படையில் சேர்க்கப்பெற்றனர். அவர்கள் தம் மொழியைக் கொண்டே மறைமொழி ஒன்றை யாத்தனர். நீர்மூழ்கிக் கப்பலை ‘இரும்பு மீன்’ என்றனர். அழிகப்பலைச் ‘சுறா’ என்றனர். டாங்கியை ‘ஆமை’ என்றனர். எறிகுண்டை ‘உருளைக்கிழங்கு’ என்றனர். பயிற்சி பெறாத நவகோவர்க்கும் அதன் பொருள் விளங்காது. நம் இலக்கணம் குழூஉக்குறி என்பது இதனையன்றோ!

1945இல் இவோ சீமாத் தீவுப் போரின் முதல் இரு நாள்களில், ஆறு நவகோவர் 800க்கு மேற்பட்ட செய்திகளைப் பிழையின்றிக் கடத்தினர். அவர்கள் இல்லையேல் அத்தீவைக் கைப்பற்றியிருக்க இயலாது என்று படை அலுவலர் ஓவர்டு கானர் கூறினார்.

எண்ணிப் பாருங்கள்! அவ்விளைஞருட் பலர், அரசு நடத்திய விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசியதற்காக ஒறுக்கப்பட்டவர்கள். வழலைக்கட்டியால் வாய் கழுவப்பட்டவர்கள். எந்த நாவை அந்நாடு அடக்க முயன்றதோ, அந்த நாவே அதன் படையைக் காத்தது. மறைமொழியில் அமெரிக்காவுக்கு அவர்கள் இட்ட பெயரோ, ‘நம் அன்னை’!

1968 வரை அம்மறைமொழி வெளியிடப்படவில்லை. முதல் 29 பேர்க்கும் பொற்பதக்கம் வழங்கியது 2001இல். அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். இன்றோ, நவகோக் குழந்தைகளிடையே அம்மொழி பேசுவோர் தொகை குறைந்து வருகிறது. களத்தில் வென்ற மொழி இல்லத்தில் தோற்கிறது!

புதுப்பொருளுக்குத் தமிழில் சொல் ஏது என்பார்க்கு ‘இரும்பு மீன்’ விடை கூறும். பிறர் பாராட்டுவர், பின் பேசுவோம் என்று காத்திருப்பார்க்கு, காலங்கடந்து வந்த அப்பொற்பதக்கம் விடை கூறும். பதக்கம் மொழியைக் காவாது. பேசும் நாவே காக்கும். தமிழர் இல்லந்தோறும் தமிழ் பேசுக! பிள்ளைகள் தமிழில் பயில்க!