திடீர்ப் பணமும் திரும்பாத சலுகையும்

(மைசூரில் நடைபெற்ற அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிஷம். ஆன்மிகமாக ஏதாவது பேசுங்கள் என்றுதான் காரியதரிசி சொன்னார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் கணக்குகளோடு மல்லுக்கட்டியவன். எனக்குத் தெரிந்ததைத்தானே பேச முடியும்? ஆகவே உங்கள் அனுமதியோடு பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதுவும் இல்லாதவர்கள் கையில் திடீரென்று வந்து சேரும் பணத்தைப் பற்றி. இன்று மாலை அஜெண்டாவில் வரப்போகும் நான்காவது விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

நம் கிளையில் உதவி பெறும் மாமி ஒருவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் ஆத்துக்காரர் கல்யாண சமையலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், காலமாகிப் பல வருஷமாகிறது. மாமி அப்பளம் இட்டு, பட்சணம் செய்து கொடுத்து, அக்ரஹாரம் பக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறார். அவருக்கு நிச்சயமாக வருவது சர்க்கார் கொடுக்கும் நான்கு வகை உதவிகள்தான். சந்த்யா சுரக்ஷா முதியோர் பென்ஷன் மாதம் 1,200 ரூபாய், கிரஹலக்ஷ்மி 2,000 ரூபாய், ரேஷன் அரிசி, பி.பி.எல். கார்டின் பேரில் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பாதுகாப்பு.

போன வருஷம் பம்பாயில் இருந்த அவருடைய பிரம்மச்சாரித் தமையனார் காலமானார். நாமினியும் மாமிதான், வாரிசும் மாமிதான். நான்கு லட்ச ரூபாய் டெபாசிட் அவர் பெயருக்கு வந்தது. எல்லோரும் "பகவான் கண் திறந்துவிட்டார்" என்றார்கள். மாமி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, இதனால் எனக்கு வர்றது நின்னு போயிடாதே?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோது கிடைத்ததைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

சந்த்யா சுரக்ஷா 2007 இல் கர்நாடகத்தில் வந்த திட்டம். 65 வயதைக் கடந்த சிறு விவசாயிகள், நெசவாளர்கள், மீனவர்கள், அமைப்புசாராத் தொழிலாளிகள் போன்றவர்களுக்கானது. மாதம் 400 ரூபாயில் தொடங்கியது. அதற்கு எழுதிய விதிகளில் வருமான வரம்பு ஒன்று உண்டு. அதோடு, பலர் கவனிக்காத இன்னொரு வாக்கியமும் உண்டு. விண்ணப்பிப்பவரும் அவருடைய கணவரோ மனைவியோ சேர்ந்து வைத்திருக்கும் டெபாசிட் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது என்பதே அது.

ஐயா, பத்தாயிரம்! பத்து லட்சம் இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டி ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பத்தாயிரத்துக்கு வருஷத்துக்கு 700 ரூபாய் வரும். அதைத் தாண்டிய டெபாசிட்டுக்காக இழக்க நேரும் பென்ஷன் வருஷத்துக்கு 14,400 ரூபாய். அந்த 14,400 ரூபாயை வட்டியாகச் சம்பாதிக்க வேண்டுமானால் சுமார் 2,05,000 ரூபாய் டெபாசிட் வேண்டும். அதாவது ஏழைக் கிழவி ஒருத்திக்கு ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ ஒன்றரை லட்சமோ வந்து, அதை அவள் ஒழுங்காக பாங்கில் போட்டு வைத்தால், மாத வரும்படி முன்பைவிடக் குறையும். பணம் வந்ததால் ஏழையாகிறாள். செலவழித்துத் தீர்த்தவளுக்கு இந்த ஆபத்து இல்லை. சிக்கனம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிக் கொடுத்ததற்கு இப்படி ஒரு தண்டனை.

இதில் இன்னொரு வேடிக்கை. கிரஹலக்ஷ்மி திட்டத்தை 2023 ஆகஸ்ட் 30 ஆம் தேதி இதே மைசூரில், மகாராஜா கல்லூரி மைதானத்தில்தான் தொடங்கி வைத்தார்கள். குடும்பத் தலைவிக்கு மாதம் 2,000. அந்தப் பணத்தைத் தொடாமல் ஐந்து மாதம் சேர்த்தால் பத்தாயிரம் ஆகிவிடும். ஒரு கையால் சர்க்கார் கொடுத்த பணத்தைச் சேர்த்து வைத்ததற்காகவே, இன்னொரு கையால் கொடுக்கும் பென்ஷனுக்கு ஒருத்தி தகுதியற்றவளாகலாம். கிரஹலக்ஷ்மி சில சமயம் இரண்டு மூன்று மாதம் நிலுவையாகி மொத்தமாகவும் வருகிறது. சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடக்கும் பணமும் 'டெபாசிட்'தானா என்று விசாரித்தேன். ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். 2024 இல் பெளகாவி ஜில்லாவில் ஒரு பாட்டி கிரஹலக்ஷ்மிப் பணத்தைச் சேர்த்து ஊருக்கே ஹோளிகே சாப்பாடு போட்டார் என்று பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும். என்ன தாராளம் என்று நாமெல்லாம் மெச்சினோம். விதிப் புத்தகத்தின் கண்ணால் பார்த்தால் அந்தப் பாட்டி செய்தது மிகவும் புத்திசாலித்தனமான காரியம்!

சரி, மாமியின் விஷயத்துக்கு வருகிறேன். நான்கு லட்சம் வந்ததால் எது போகும், எது நிற்கும்? எல்லாத் திட்டத்துக்கும் ஒரே அளவுகோல் கிடையாது. சந்த்யா சுரக்ஷா டெபாசிட்டைப் பார்க்கிறது. பி.பி.எல். கார்டு வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறதா, வருமான வரி கட்டுகிறாரா, சொந்தக் கார் உண்டா, நிலம் எவ்வளவு என்று பார்க்கிறது. கிரஹலக்ஷ்மி ஏ.பி.எல். கார்டுக்காரர்களுக்கும் உண்டு. குடும்பத் தலைவியோ அவர் கணவரோ வருமான வரி கட்டுபவராகவோ ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவராகவோ இருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. வாரிசாக வந்த சொத்துக்கு வருமான வரி கிடையாது. நான்கு லட்சத்துக்கு வட்டி 28,000 ரூபாய், 1,20,000 க்குக் கிட்டத்தில்கூட இல்லை. ஆகவே விதிப்படி மாமி இழக்கக்கூடியது 1,200 ரூபாய் பென்ஷன் மட்டும். அரிசியும் கிரஹலக்ஷ்மியும் ஆஸ்பத்திரிப் பாதுகாப்பும் தப்பித்தன. இதைக் கேட்டதும் மாமிக்குப் பாதி உயிர் வந்தது.

அதே மாமிக்கு அந்தப் பணம் லாட்டரியில் விழுந்திருந்தால் கதையே வேறு. கர்நாடகத்தில் 2007 இலிருந்து லாட்டரிக்குத் தடை. ஆனால் இங்கிருந்து வயநாடு எத்தனை தூரம்? 2024 இல் கேரளத்தின் திருவோணம் பம்பர் 25 கோடி நம் பக்கத்து மண்டியா ஜில்லாக்காரர் ஒருவருக்கே விழுந்தது. கோடி விழுந்தவருக்கு ரேஷன் கார்டு போனால் என்ன? பூக்காரிக்கு ஒரு லட்சம் விழுந்தால்தான் சங்கடம். லாட்டரிப் பணத்திலிருந்து 30 சதவீத வரியை முதலிலேயே பிடித்துவிடுகிறார்கள். சாதாரண வருமானத்துக்கு உள்ள அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. வரி பிடித்த கணமே அவள் பெயர் பான் எண்ணோடு வருமான வரித் துறையின் கணினியில் ஏறுகிறது. நாளைக்கு 'வரி கட்டுபவர்' பட்டியலில் அவள் பெயரும் வந்தால் கிரஹலக்ஷ்மியும் போகும், கார்டும் போகும்.

பட்டியல் என்றதும் 2024 நவம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பி.பி.எல். கார்டுகளைச் சலித்தெடுக்கிறோம் என்று ஆரம்பித்து, ஏராளமான கார்டுகளை ஏ.பி.எல்.லாக மாற்றிவிட்டார்கள். பெரிய கூச்சல் எழுந்தது. அதன் பிறகு, சர்க்கார் ஊழியர்களும் வருமான வரி கட்டுபவர்களும் தவிர மற்றவர்களுக்குத் திரும்பக் கொடுக்கிறோம் என்று அறிவித்தார்கள். இடையில் அவதிப்பட்டது யார்? கார்டு போனால் அரிசி போகிறது என்று மட்டும் நாம் நினைக்கிறோம். என் அபிப்பிராயத்தில் அரிசி சின்ன விஷயம். ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்ய கர்நாடகா திட்டத்தில் பி.பி.எல். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை இலவசம். ஏ.பி.எல். ஆனால் நிர்ணயித்த கட்டணத்தில் 30 சதவீதம்தான் சர்க்கார் தரும், அதுவும் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை. எழுபது வயது மாமிக்கு ஒரு இருதய ஆபரேஷன் என்றால் இந்த வித்தியாசம் தமையன் விட்டுப்போன பணத்தில் பெரும் பங்கை விழுங்கிவிடும்.

பௌதிகத்தில் ஹிஸ்டெரிசிஸ் என்று ஒரு சங்கதி படித்தோம். இரும்பைக் காந்தமாக்கிவிட்டு மின்சாரத்தை நிறுத்தினால் அது பழைய நிலைக்கு அப்படியே திரும்பாது. போகும் வழி வேறு, திரும்பும் வழி வேறு. சலுகைகளும் அப்படித்தான். கார்டு ரத்தாவதற்கு ஒரு நாள் போதும். பணம் கரைந்து மறுபடி ஏழையானபின் கார்டு வாங்க? கர்நாடகத்தில் புதிய பி.பி.எல். விண்ணப்பங்கள் வருஷக்கணக்கில் தேங்கிக் கிடந்ததை நீங்களும் அறிவீர்கள். மாமி பயந்தது இதற்குத்தான். நான்கு லட்சம் தீர்ந்து போகும், அப்புறம் எந்த வாசலில் போய் நிற்பது என்பதே அவர் கவலை.

வெளிநாடுகளில் குழந்தைகள் இருக்கும் அங்கத்தினர்கள் "அங்கெல்லாம் ஒழுங்காக இருக்கும்" என்பார்கள். அமெரிக்காவில் வயோதிகர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் தரும் எஸ்.எஸ்.ஐ. என்ற உதவிக்குத் தனி நபர் கையிருப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. இந்த எண் 1989 இலிருந்து அப்படியே இருக்கிறது. நம்மவர்களுக்கு அவர்கள் சளைத்தவர்கள் இல்லை! ஆனால் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதே எஸ்.எஸ்.ஐ.யின் நிலுவை மொத்தமாக வந்தால் ஒன்பது மாதம் வரை அதைக் கையிருப்பாகக் கணக்கிடுவதில்லை. இங்கிலாந்தில் யூனிவர்சல் கிரெடிட் என்ற உதவியில் செங்குத்துப் பள்ளமாக இல்லாமல் சரிவாக வைத்திருக்கிறார்கள். 6,000 பவுண்டு வரை சேமிப்பைத் தொடமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாத உதவியில் 4.35 பவுண்டு குறைப்பார்கள். 16,000 ஐத் தாண்டினால்தான் முழுவதும் நிற்கும். சலுகையைக் காப்பாற்றிக்கொள்வதற்காகப் பணத்தை யாருக்காவது கொடுத்துவிட்டால், அது இன்னும் உங்களிடமே இருப்பதாகத்தான் எண்ணுவார்கள்.

இந்தக் கடைசி விஷயம் நம் ஊருக்கும் முக்கியம். மாமியிடம் நான்கு பேர் சொன்ன யோசனை, "பணத்தை அண்ணன் பிள்ளை பேரில் போட்டுடுங்கோ" என்பதுதான். நான் கூடாது என்றேன். பென்ஷனைக் காப்பாற்றப் போய் முதலையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007 இல் வந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்த மாற்றத்தையே ரத்து செய்ய அதில் வழி உண்டு. ஆனால் அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும். சுப்ரீம் கோர்ட்டும் 2022 இல் இதை வலியுறுத்தியிருக்கிறது. வாய் வார்த்தையாக மருமான் பேரில் போட்டுவிட்டு எதைக் காட்டுவது?

மறைப்பதும் சரியில்லை. கர்நாடகத்தில் 'குடும்ப' என்ற பெயரில் ரேஷன் கார்டு விவரங்களையும் மற்றத் திட்டங்களையும் இணைத்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஆதார் எண் வேறு. இன்றைக்குத் தெரியாதது நாளைக்குத் தெரிந்தால் நின்று போவதோடு, வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்பார்கள்.

பாங்கு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முழு அத்தாட்சி கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் அதில் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு வைக்க முடியாது, வருஷ வரவும் ஒரு லட்சத்தைத் தாண்டக்கூடாது. பெரிய செக் வருமுன் பாங்குக்குப் போய் கே.ஒய்.சி.யை முடித்துவிட வேண்டும்.

மாமி கடைசியில் செய்தது இது. முதலில் அடகில் இருந்த இரண்டு வளையல்களை மீட்டார். மளிகைக்கடை பாக்கியைத் தீர்த்தார். பெரும் பகுதியை வீட்டுக்காரரிடம் கொடுத்து, அதே அறையை வாடகையிலிருந்து போக்கியத்துக்கு மாற்றிக்கொண்டார். பத்திரம் எழுதிப் பதிவும் செய்தாயிற்று. இனி மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது முதல் திரும்பி வரும். வாடகை மிச்சம், அந்த 1,200 ரூபாயைவிட அதிகம். போக்கியப் பணம் 'டெபாசிட்' ஆகுமா என்றால், விதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. என் யோசனைப்படி நடந்ததை நடந்தபடி எழுதி சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கியிருக்கிறோம். பென்ஷன் நிற்கட்டும், நிற்காமல் போகட்டும், மாமி நிம்மதியாகத் தூங்குகிறார்.

இப்போது அஜெண்டாவின் நான்காவது விஷயம். வருகிற ஆண்டு விழாவில் நலிந்த முதியோர் ஆறு பேருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி, ஆளுக்கு ஒரு லட்ச ரூபாய் பண முடிப்பு கொடுக்கலாம் என்று தீர்மானம் வந்திருக்கிறது. மனசு நல்ல மனசு, சந்தேகமில்லை. ஆனால் ஆறு பேரில் நால்வர் சந்த்யா சுரக்ஷா வாங்குகிறவர்கள். ஒரு லட்சத்தைக் கணக்கில் போட்ட மறுநாளே அவர்கள் பத்தாயிரத்தைத் தாண்டுகிறார்கள். தவிர, உறவினர் அல்லாதவர்கள் தரும் அன்பளிப்பு வருஷத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத் தொகையும் வருமானம் என்பது வரிச் சட்டம். பதிவு பெற்ற தர்ம ஸ்தாபனம் கொடுத்தால் விலக்கு உண்டு. அங்கத்தினர்களிடம் கவரில் வசூலித்து நேரே கையில் கொடுத்தால் அந்த விலக்கு கிடைக்காது. வரி வராமல் போகலாம். ஆனால் 1,20,000 வரம்புக்குள் இருக்கும் ஒருவருக்கு அது ஒரே நாளில் ஒரு லட்ச ரூபாய் வருமானம்!

ஆகையால் என் திருத்தத்தை முன்வைக்கிறேன். பொன்னாடையை மேடையில் போர்த்துவோம். பணத்தை நம் பதிவு பெற்ற டிரஸ்டின் நிதியிலேயே ஒவ்வொருவர் பெயரிலும் ஒதுக்கி வைத்து, மருந்துக் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மின்சார பில்லுக்கும் நாமே நேராகக் கட்டுவோம். யாருக்காவது மொத்தமாகத்தான் வேண்டுமென்றால், முதலில் அவருடைய கார்டையும் பென்ஷன் உத்தரவையும் பாஸ் புத்தகத்தையும் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்ளத் தயார். பிற ஊர்க் கிளைகளிலும் இப்படி ஒருவரை நியமிக்கலாம். விதிகள் ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறும். உதாரணமாக, தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு வருஷ வருமானம் இரண்டரை லட்சம், மின்சாரம் 3,600 யூனிட் என்று வேறு வரம்புகள் வைத்தார்கள். ஆகவே அந்தந்த ஊர் விதியை அந்தந்த ஊர்க்காரர்தான் பார்க்க வேண்டும்.

திருத்தத்தின் நகல் பொருளாளரிடம் இருக்கிறது. ஓட்டெடுப்புக்கு முன் அனைவரும் ஒருமுறை படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.