வீடே சேர்ந்து படிக்க ஒரு புத்தகம்

பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்குவது என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நடுவிலே ஒரு பக்கத்தைத் திறந்து வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளை "அப்புறம்?" என்று கேட்டால் தயங்காமல் வாங்கலாம்.

அப்படிக் கேட்க வைக்கும் புத்தகம், ‘டோட்டோ-சான்’. ஜப்பானிய நடிகை டெட்சுகோ குரோயநாகி தன் சிறுவயதைப் பற்றி எழுதிய இந்தப் புத்தகம் 1981இல் வெளிவந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டிருக்கிறது. முதல் வகுப்பிலேயே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட சிறுமி டோட்டோ-சான், ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்திருக்கும் டோமோயே பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபாயாஷி அவளை எதிரே உட்காரவைத்து, அவள் சொல்வதையெல்லாம் கேட்கிறார். ஒரு கொட்டாவிகூட விடாமல், நான்கு மணி நேரம்! பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். படித்துக் காட்டும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ குரல் தழுதழுக்கும். ஒரே பக்கம் இருவருக்கும் இரண்டு விதமாகப் பேசுகிறது. குடும்பத்துக்கென்று தேடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

காசு கொடுக்குமுன் ஊர் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த உரிமை பிள்ளைக்கும் உண்டு.